பருக் கிருமியின் பழைய கோப்பு

எழுபத்து நான்கு வயதில் முகப்பருவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றதும் வீட்டில் ஒரே சிரிப்பு. பேத்தி படவேண்டிய கவலை தாத்தாவுக்கு எதற்கு என்று கேட்டாள் என் மனைவி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் போன வருடம், என்னோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்த நண்பர் ஒருவரின் தோள் மூட்டுக்குள்ளிருந்து ஒரு கிருமியை எடுத்தார்கள். லேப் ரிப்போர்ட்டில் இருந்த பெயரைத் தேடிப் பார்த்தால், அது பருவில் இருக்கும் கிருமி! எழுபதைத் தாண்டிய மனிதரின் எலும்புப் பக்கம் அதற்கு என்ன வேலை? இந்த ஒரு கேள்விதான் என்னை இழுத்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்த பழக்கம். ஒன்றை எடுத்தால் முதல் தாளிலிருந்து படிக்காமல் விடமுடிவதில்லை. நண்பர் கதையை அதன் இடத்தில் சொல்கிறேன்.

முதல் தாள் பாரிஸில் இருக்கிறது.

பாரிஸில் சேன் லூயி என்றொரு ஆஸ்பத்திரி. 1605, 1606-ல் நகரத்தில் கொள்ளைநோய் பரவியபோது, நோயாளிகளை ஊருக்கு வெளியே தனியாக வைக்க ஓர் இடம் வேண்டும் என்று நான்காம் ஹென்றி அரசர் 1607-ல் உத்தரவிட்டுக் கட்டிய கட்டடம். 1801-லிருந்து அது தோல் வியாதிகளுக்கென்றே ஆகிவிட்டது. அங்கே இருந்த அலிபேர் என்ற டாக்டர், தோல் வியாதிகளை எல்லாம் ஒரு பெரிய மரமாக வரைந்து 1829-ல் வெளியிட்டார். ஒவ்வொரு கிளையும் ஒரு வியாதிக் குடும்பம். நம் வீடுகளில் வம்சாவளி எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி.

அந்த ஆஸ்பத்திரியில் இன்னொரு விசேஷம். பரெத்தா என்றொருவர் பாரிஸில் காகிதக் கூழில் பழங்கள் செய்து விற்றுக்கொண்டிருந்தார். நிஜப் பழம் என்று ஏமாறும்படி இருக்குமாம். அதைப் பார்த்த சேன் லூயி டாக்டர் ஒருவர், இந்தக் கை நமக்கு வேண்டும் என்று கூட்டி வந்துவிட்டார். நோயாளியின் தோலிலிருந்து அச்செடுத்து, மெழுகில் வார்த்து, வர்ணம் தீட்டி, புண்ணைப் புண்ணாகவே காட்டும் வார்ப்புகளை 1867 முதல் பரெத்தா செய்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் செய்தவை நாலாயிரத்து எண்ணூறுக்கும் மேல். இன்றும் அங்கே கண்ணாடி அலமாரிகளில் வரிசையாக இருக்கின்றன. கலர் போட்டோ இல்லாத காலத்தில் மாணவர்கள் வியாதியைக் கற்றது அப்படித்தான்.

இந்த இடத்தில் வேலை பார்த்தவர் ரெமோன் சபூரோ. 1864-ல் நாந்த் நகரில் பிறந்தவர். பாஸ்தேர் நிலையத்தில் கிருமியியல் படித்துவிட்டு வந்தவர். குழந்தைகளின் தலையில் வரும் படைக்குக் காரணமான பூஞ்சைகளை வளர்த்து, பிரித்து, பெயர் வைத்தது அவர் செய்த பெரிய வேலை. பூஞ்சை வளர்க்க அவர் கண்டுபிடித்த கூழுக்கு இன்றும் எல்லா லேப்களிலும் அவர் பெயர்தான். ஓய்வு நேரத்தில் சிலை செய்வார் என்பது எனக்குப் பிடித்த தகவல்.

பருவின் கறுப்பு முனையைப் பிதுக்கினால் வெள்ளைப் புழு மாதிரி ஒன்று வருமே, அதற்குள் நுண்ணிய குச்சிபோன்ற கிருமிகள் இருப்பதை 1890-களில் ஹம்பர்க் நகரத்து டாக்டர் உன்னா மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதினார். பார்ப்பது வேறு, தனியாகப் பிரித்து வளர்ப்பது வேறு. அதைச் செய்தவர் சபூரோ. 1897-ல் பாஸ்தேர் நிலையத்தின் ஆண்டிதழில் அவர் எழுதிய கட்டுரையின் விஷயம் எண்ணெய்ச் சருமமும் புழுவெட்டும். பிரெஞ்சு மீடியத்தில் படித்ததன் பலன் ஐம்பது வருடம் கழித்து இந்த மாதிரி நேரங்களில்தான் கிடைக்கிறது. அந்தக் கால டாக்டர்கள் தெளிவாக எழுதினார்கள். நாலாம் ஐந்தாம் வகுப்பில் எங்களுக்கு திக்தே சொல்லி எழுதவைத்த மிசியே பார்த்தால் ஒரு சிவப்புக் கோடும் போடமாட்டார்.

சபூரோ அந்தக் கிருமிமேல் போட்ட குற்றப்பத்திரிகை கொஞ்சம் அதிகம்தான். எண்ணெய் வழிவதற்கும் அதுதான் காரணம், பருவுக்கும் அதுதான், புழுவெட்டாய் முடி கொட்டுவதற்கும் அதுதான் என்றார். முடி கொட்டும் வழக்கு பின்னாளில் தள்ளுபடியாகிவிட்டது. எண்ணெய் வழக்கும் நிற்கவில்லை. எண்ணெய் சுரப்பது உடம்பின் ஹார்மோன் வேலை, கிருமி அதைத் தின்று பிழைக்க வந்தது, அவ்வளவுதான். பரு வழக்கு மட்டும் இன்னும் நடக்கிறது.

அதற்குப் பெயர் வைத்த கதையும் கோப்பு மாறிய கதைபோலத்தான். 1900-ல் அமெரிக்காவில் கில்கிறிஸ்ட் என்பவர் பாசில்லஸ் ஆக்னெஸ் என்றார். அப்புறம் அதைத் தொண்டை அடைப்பான் கிருமியின் குடும்பத்தில் சேர்த்து கொரினிபாக்டீரியம் ஆக்னெஸ் என்று மாற்றினார்கள். இல்லை, இது புரோபியானிக் அமிலம் உண்டாக்குகிறது, ஆகவே புரோபியானிபாக்டீரியம் என்று 1946-ல் ஒரு மாற்றம். பாலாடைக்கட்டியில் ஓட்டை போடும் கிருமி இருக்கிறதே, அது இந்த வகைக்குச் சொந்தம். 2016-ல் மறுபடி பிரித்து குட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்று வைத்திருக்கிறார்கள். குட்டி என்றால் நம் குட்டி இல்லை; லத்தீனில் குட்டிஸ் என்றால் தோல். நான் இனிமேல் பருக் கிருமி என்றே சொல்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தக் கிருமி பரு உள்ளவர் முகத்தில் மட்டும் இல்லை. உங்கள் முகத்தில் இருக்கிறது, என் முகத்தில் இருக்கிறது, பருவே வராத புண்ணியவான் முகத்திலும் இருக்கிறது. காற்றுப் படாத இடம்தான் அதற்குப் பிடிக்கும். அதனால் மயிர்க்கால் குழிக்குள், எண்ணெய்ப் பைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே சும்மா இருப்பதும் இல்லை; கொழுப்பைப் பிரித்து அமிலமாக்கி, வெளியிலிருந்து வரும் பொல்லாத கிருமிகள் தோலில் காலூன்றாமல் பார்த்துக்கொள்கிறது. வாடகைக்கு வந்தவன் வாசலையும் பார்த்துக்கொள்கிற மாதிரி. வயது வரும்போது எண்ணெய் பெருகி, குழியின் வாய் அடைத்துக்கொண்டால், உள்ளே அவன் பெருத்துப் போகிறான். உடம்பு அவனோடு சண்டைக்குப் போகிறது. சிவப்பதும் வீங்குவதும் சீழ் வைப்பதும் பெரும்பாலும் நம் உடம்பு போடும் சண்டையின் தழும்புதான்.

1975-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லெய்டன், கிளிக்மன் முதலியவர்கள் முகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்தார்கள். பதினொன்றிலிருந்து பதினைந்து வயதுக்குள், பரு உள்ள பிள்ளைகளிடம் லட்சத்துக்கு மேல். பரு இல்லாதவர்களிடம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் இருபத்தொரு வயதைத் தாண்டியவர்களில், பரு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை! பிறகு 2013-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் வேறொரு குழு, எண்ணிக்கையை விட்டுவிட்டு அந்தக் கிருமிக்குள்ளேயே எந்தக் கிளை என்று பார்த்தது. பரு உள்ளவர்களிடம் சில கிளைகள் அதிகம், சுத்தமான முகத்தில் வேறு கிளைகள். ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு குடும்பம் இருந்தால் தபால்காரர் படும் பாடு ஞாபகம் வந்தது எனக்கு.

சரி, மருந்துக்கு வருவோம். எங்கள் காலத்தில் பாட்டி ஜாதிக்காயும் சந்தனமும் உரைத்துத் தடவுவாள். காசு உள்ள வீட்டில் ஃபார்மசியிலிருந்து கந்தகம் கலந்த லோஷன் வரும். லிசேயில் பையன்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், இரண்டு மூன்று வருடத்தில் தானே போய்விடும். சிலருக்குப் போகாது, குழி விழுந்து தங்கிவிடும். அதை லேசாகச் சொல்லக்கூடாது. பெண் பார்க்க வந்த இடத்தில் முகத்தழும்பைக் காரணம் சொல்லி எழுந்துபோனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

லண்டனில் செயின்ட் மேரி ஆஸ்பத்திரியில் 1909-ல் ஓர் இளம் டாக்டர் இந்தக் கிருமியை வளர்த்து, சாகடித்து, அதையே தடுப்பூசியாகப் பரு உள்ளவர்களுக்குப் போட்டுப் பார்த்து லான்செட் பத்திரிகையில் எழுதினார். அவர் பெயர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். ஆமாம், பெனிசிலின் ஃபிளெமிங்தான். பெனிசிலின் பூஞ்சையை அவர் பார்ப்பதற்குப் பத்தொன்பது வருடம் முன்பு அவர் பார்த்துக்கொண்டிருந்தது பருவை. அந்த ஊசி நிலைக்கவில்லை.

அதே ஃபிளெமிங் 1945 டிசம்பரில் நோபெல் பரிசு வாங்கியபோது செய்த உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டை வலி. தானாகக் கடையில் பெனிசிலின் வாங்கிக் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். கிருமி சாகவில்லை, பழகிக்கொள்கிறது. அந்தக் கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்குப் பெனிசிலின் கொடுத்தால் கேட்கவில்லை; செத்துப்போகிறாள். மருந்து கடைக்கு வந்த கையோடு கண்டுபிடித்தவரே சொல்லிவிட்டார். கேட்டவர்கள் கைதட்டினார்கள், வேறென்ன.

பெனிசிலினுக்குப் பின் வந்த மருந்துகளில் ஒன்று ஆரியோமைசின், 1948-ல். அமெரிக்காவில் லெடர்லி கம்பெனியில் டக்கர் என்ற முதியவர் மண்ணிலிருந்து எடுத்தார். அந்த ஆராய்ச்சிக்கு மேலே இருந்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொன்னார் என்று கதரில் அறுவைசிகிச்சை அங்கி போட்டதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் சின்னப் பட்டத்தோடு கப்பலேறியவர் என்று சொல்வார்கள். மருந்து உலகத்துக்கு அறிமுகமான சில வாரங்களில், 1948 ஆகஸ்டில், அவர் காலமாகிவிட்டார். அவரைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும்.

ஆரியோமைசினின் தம்பிதான் டெட்ராசைக்ளின், 1950-களின் நடுவில் வந்தது. நம் வயதுக்காரர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். இதைப் பரு உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல குணம் தெரிந்தது. நிமோனியாவுக்குப் பத்து நாள் கொடுக்கிற மருந்தைப் பருவுக்குக் குறைந்த அளவில் மாதக்கணக்கில், சில பேருக்கு வருடக்கணக்கில் கொடுத்தார்கள். கொஞ்சமாக, நெடுநாள். ஃபிளெமிங் எதைச் செய்யாதே என்றாரோ அதை ஊரே செய்தது. கெட்ட எண்ணம் இல்லை. குழி விழாத முகம் கிடைத்தது, பிள்ளைகள் நிமிர்ந்து நடந்தார்கள். டாக்டரும் சந்தோஷம், வீடும் சந்தோஷம்.

1970-களில் எரித்ரோமைசின், கிளிண்டாமைசின் இரண்டையும் முகத்தில் நேராகத் தடவும் திரவமாகவும் களிம்பாகவும் கொண்டுவந்தார்கள். வயிற்றைக் கெடுக்காது, வசதி. ஆனால் முகத்தில் ஓரிடத்தில் நிறையப் படும், ஓரத்தில் கொஞ்சம் படும். அந்தக் கொஞ்சம் பட்ட இடத்தில்தான் கிருமி பாடம் படிக்கிறது.

1976-ல் பிலடெல்பியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பரு நோயாளிகளின் தோலைச் சோதித்தார்கள். மருந்துக்கு அடங்காத பருக் கிருமி ஒன்றுகூட இல்லை. இருபது வருடமாக டெட்ராசைக்ளின் விழுங்கியும் இல்லை! இந்தக் கிருமிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்று நிம்மதியாக இருந்தார்கள். மூன்றே வருடம். 1979-ல், தடவும் மருந்து போட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் எரித்ரோமைசினுக்கும் கிளிண்டாமைசினுக்கும் அடங்காத கிருமி.

பிலடெல்பியாவைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. மேலே சொன்ன கிளிக்மன் பெரிய ஆராய்ச்சியாளர்; வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ட்ரெட்டினாயின் களிம்பு பருவுக்கு நல்ல மருந்து என்று 1969-ல் காட்டியவர் அவர்தான். ஆன்டிபயாடிக் இல்லாமல் அடைப்பைத் திறக்கும் அந்த மருந்து இன்றும் முதல் வரிசையில் இருக்கிறது. ஆனால் 1951-லிருந்து 1974 வரை ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில், பெரும்பாலும் கறுப்பர்கள், அவர் கணக்கில்லாமல் பரிசோதனை செய்தார். சில டாலர்கள் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்து என்றால் என்ன, எந்த நிலைமையில் ஒரு மனிதன் போடுவான் என்று அரசாங்க ஆபீசில் இருந்தவனுக்குத் தெரியும். நல்ல மருந்து கிடைத்தது என்பதால் அது சரியாகிவிடாது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த தாள்கள் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில். அங்கே கன்லிஃப் என்ற டாக்டர் பருவுக்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். ஆன் ஈடி என்ற அம்மையார், கிருமியியலாளர், அவரோடு சேர்ந்து கிளினிக்குக்கு வந்தவர்களின் முகத்திலிருந்து மாதிரி எடுத்து எடுத்துச் சோதித்தார். மருந்து கேட்காமல் போவதற்கும் அடங்காத கிருமிக்கும் தொடர்பு இருக்கிறது என்று 1989-ல் எழுதினார்கள். எனக்கு மிகப் பிடித்தது அவர்களுடைய பத்து வருடக் கணக்கு. ஒரே இடம், ஒரே முறை, நாலாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள், வருடா வருடம் பதிவு. 1991-ல் நூற்றுக்கு 34.5 பேரிடம் ஏதாவது ஒரு பரு மருந்துக்காவது அடங்காத கிருமி இருந்தது. 1997-ல் 64. 2000-ல் கொஞ்சம் இறங்கி 55.5. பதிவேடு என்றால் இப்படி இருக்கவேண்டும். ஒரு வருடம் நாற்காலி காலி, அடுத்த வருடம் பட்ஜெட் இல்லை என்று விட்டிருந்தால் இந்தக் கோடு கிடைத்திருக்காது.

எப்படி அடங்காமல் போகிறது? கிருமிக்குள் புரதம் செய்யும் சிறு எந்திரங்கள் இருக்கின்றன. எரித்ரோமைசின் போய் அந்த எந்திரத்தின் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு ஓடவிடாமல் நிறுத்தும். 2004-ல் ஜெர்மனியில் இந்தக் கிருமியின் மரபெழுத்து முழுவதையும் படித்தார்கள்; ஏறத்தாழ இருபத்தைந்தரை லட்சம் எழுத்து. அதில், அந்த எந்திரத்துக்கான பகுதியில், ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், மருந்துக்கு உட்கார இடம் இருக்காது. லீட்ஸ்காரர்கள் அந்த எழுத்துகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

ஓர் எழுத்து என்ன செய்யும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவேட்டில் அப்பா பெயர் கிச்செனசாமி. புதிய அட்டையில் மகன் எழுதியது கிருஷ்ணசாமி. ஆள் ஒன்றுதான், ஆனால் பென்ஷன் வந்து உட்கார இடம் கிடைக்காது; எத்தனை பேரை நடையாக நடக்கவைத்திருக்கிறது அந்த எழுத்து.

அடுத்த தகவலைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம், ஸ்வீடன், ஹங்கேரி என்று ஆறு நாட்டில் 664 நோயாளிகளைச் சோதித்து 2003-ல் முடிவு வெளியிட்டார்கள். ஹங்கேரியில் பாதிப் பேரிடம், ஸ்பெயினில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவரிடம் அடங்காத கிருமி. இது ஒருபக்கம். நோயாளிகளோடு ஒரே வீட்டில் பழகுகிறவர்கள், ஒரு மருந்தும் தொடாதவர்கள், அவர்கள் முகத்திலும் இருந்தது. அதைவிட, பருவுக்கு வைத்தியம் பார்க்கும் தோல் டாக்டர்கள் 39 பேரின் முகத்தைச் சோதித்ததில் 25 பேரிடம் இருந்தது. வேறு பிரிவுகளில் இருக்கும் டாக்டர்கள் 27 பேரைப் பார்த்தார்கள், ஒருவரிடமும் இல்லை. நாள் முழுக்கப் பருவைத் தொட்டுப் பார்த்த கை, எப்போதோ தன் கன்னத்தையும் தொட்டிருக்கிறது.

பரு உயிரை எடுக்கிற வியாதி இல்லை, கிருமி அடங்காவிட்டால் என்ன போயிற்று என்று கேட்பீர்கள். ஒன்று, விழுங்கிய மாத்திரை பருவோடு மட்டும் பேசுவதில்லை. தொண்டை, குடல், மூக்கு எங்கும் இருக்கும் மற்றக் கிருமிகளும் பாடம் கேட்கின்றன. பருவுக்கு நெடுநாள் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குச் சளி, தொண்டைப் புண் வருவது மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 2005-ல் பிரிட்டிஷ் நோயாளிப் பதிவுகளை வைத்துச் சொன்னார்கள். இரண்டாவது, என் நண்பர்.

அவர் மாடிப்படியில் விழுந்து வலது தோள் நொறுங்கி, செயற்கை மூட்டு வைத்தார்கள். நன்றாகத்தான் செய்தார்கள். எட்டு மாதம் கழித்து மந்தமாக ஒரு வலி. காய்ச்சல் இல்லை, சிவப்பு இல்லை, ரத்தச் சோதனையில் பெரிதாக ஒன்றும் இல்லை. வயதுக்கு வலி என்று அவரே சொல்லிக்கொண்டு தைலம் தடவிக்கொண்டிருந்தார். அனுபவமுள்ள டாக்டர் ஒருவர், தோளைத் திறந்து நாலைந்து இடத்தில் துளித் துளி சதை எடுத்து லேபுக்கு அனுப்பி, பதினான்கு நாள் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள் என்று எழுதினார். சாதாரணமாக ஐந்தாம் நாள் ஒன்றும் வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்துவிடும். ஒன்பதாம் நாள் வளர்ந்தது.

செயற்கைத் தோள் மூட்டில் புகும் கிருமிகளில் முன்னணியில் இருப்பது இந்தப் பருக் கிருமிதான் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். தோளிலும் மேல்முதுகிலும் எண்ணெய்ப் பைகள் அதிகம். ஆபரேஷனுக்கு முன் தோலை எவ்வளவு துடைத்தாலும் மேலே இருப்பதுதான் சாகும். குழிக்குள் இருப்பவனுக்கு எட்டாது. கத்தி குழியை வெட்டிக்கொண்டு போகும்போது அவனும் உள்ளே போகிறான். உலோகத்தின்மேல் பசைபோல ஒரு படலம் போட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் குடித்தனம் நடத்துகிறான்.

ரிப்போர்ட்டை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார் நண்பர். மருந்துப் பெயர்கள் ஒரு பக்கம், எதிரே ஓர் எழுத்து. பெனிசிலினுக்கு எஸ். அதாவது கேட்கும். கிளிண்டாமைசினுக்கு ஆர். கேட்காது. இவர் வாழ்நாளில் பருவுக்கு மருந்து தொட்டவர் இல்லை. அந்த ஆர் எழுத்து எந்தக் கன்னத்தில் படித்துவிட்டு எந்தக் கை வழியாக இவர் தோளுக்கு வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்லமுடியாது. மறுபடி ஆபரேஷன், ஆறு வாரம் ஊசி, பிறகு மாத்திரை. பெனிசிலின் கேட்டது அவர் அதிர்ஷ்டம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பென்சாயில் பெராக்சைடு என்று பழைய பரு மருந்து ஒன்று இருக்கிறது. ஆன்டிபயாடிக் இல்லை, ஆக்சிஜனை விட்டுச் சுட்டுவிடும். காற்றுப் பிடிக்காத ஜீவனுக்கு அது தாங்காது. இத்தனை வருடமாகியும் அதற்குப் பழகிக்கொண்ட பருக் கிருமி இல்லை. எந்திரத்தில் ஓரிடத்தில் உட்கார்ந்து நிறுத்தும் மருந்து என்றால் இடத்தை மாற்றிவிடலாம். வீட்டையே கொளுத்துகிறவனிடம் எந்த எழுத்தை மாற்றுவது? துணியில் பட்டால் வெளுத்துவிடும், தோல் கொஞ்சம் எரியும். அதனால்தான் மக்களுக்கு அதன்மேல் பிரியம் இல்லை. இப்போது தோள் ஆபரேஷனுக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கிழவர் கிழவிகளின் தோளில் இதைத் தடவச் சொல்கிறார்கள் சில டாக்டர்கள். பதினாறு வயதுக்கு உரிய களிம்பு எழுபதில் வருகிறது. மூட்டு மாற்றப்போகும் அன்பர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். தானாகத் தடவ வேண்டாம்.

இன்று பெரிய நாடுகளின் தோல் டாக்டர் சங்கங்கள் எழுதிவைத்திருப்பது கிட்டத்தட்ட ஒன்றேதான். பருவுக்கு ஆன்டிபயாடிக்கைத் தனியாகக் கொடுக்காதே, பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துக் கொடு. மூன்று மாதம் வாக்கில் நிறுத்திப் பார். எழுதிவைப்பது ஒன்று. என் பேத்தியின் தோழிகள் கையில் கிளிண்டாமைசின் டியூப் சர்வசாதாரணமாக இருக்கிறது. சீட்டு யார் எழுதினார்கள் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். ஒருத்தி வாங்கி மூன்று பேர் தடவுகிறார்கள். பிரான்சில் 2002-ல் அரசாங்கக் காப்பீட்டு நிறுவனம் ஒரு வாசகத்தைப் பிரபலமாக்கியது: லே ஆந்திபியோத்திக், ஸே பா ஓத்தோமாத்திக். எதற்கெடுத்தாலும் ஆன்டிபயாடிக் இல்லை என்று பொருள். எதுகையோடு வருவதால் பிரான்சில் இருக்கும் நம் சொந்தக்காரப் பிள்ளைகள் பாட்டுப் போலச் சொல்வார்கள். சில வருடங்களில் அங்கே ஆன்டிபயாடிக் சீட்டு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. தமிழில் இப்படி ஓர் எதுகையை யாராவது கட்டினால் நன்றாயிருக்கும். நான் முயன்றேன், வரவில்லை.

கோப்பின் கடைசித் தாள் மறுபடி பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றில். சனோஃபி, பருவுக்கெதிரான தடுப்பூசியில் ஈடுபட்டிருந்த வியன்னாவின் ஒரு சிறு கம்பெனியை 2021-ல் வாங்கியது. கொரோனாவுக்குப் போட்டோமே, அந்த எம்.ஆர்.என்.ஏ. முறையில் செய்த ஊசியை 2024-ல் மனிதர்களுக்குப் போட்டுச் சோதிக்கத் தொடங்கியது. ஃபிளெமிங் லான்செட்டில் எழுதி நூற்றுப் பதினைந்து வருடம் கழித்து. பதினெட்டு வயதிலிருந்து நாற்பத்தைந்து வரை உள்ளவர்களைத்தான் சேர்த்தார்களாம். நண்பரிடம் சொன்னேன், நமக்கு இடமில்லை என்று. தோளைத் தடவிக்கொண்டே, வயதுச் சலுகை கேட்டு மனு போடலாமா என்றார்.